கோப்பியை யார் எடுப்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சுங்கை தெங்கா பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் வார இறுதித் தொண்டூழியராக இருக்கிறேன். அங்கே கோப்பி என்று ஒரு பெண் நாய், ஐந்தாறு வயது இருக்கும், துவாஸ் கட்டுமானத் தளம் ஒன்றில் பிடித்து வந்தது. ஆள் வந்தாலே மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும், பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். என்னையும் இன்னொருவரையும் மட்டும்தான் பக்கத்தில் விடும். ஒருமுறை நகம் வெட்ட அமுக்கிப் பிடித்தபோது ஒருவர் கையைக் கவ்விவிட்டது, தோல் கிழியவில்லை. இப்போது காப்பகத்தில் நாய்களைக் குறைக்கப் போகிறார்கள், கோப்பிக்கு வேறு இடம் பாருங்கள் என்கிறார்கள். தெரிந்த மீட்புக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் இடமில்லை என்கிறார்கள். கவ்வியதைச் சொல்லாமல் விட்டால் யாராவது எடுப்பார்களா? பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், சுவா சூ காங்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். விடக் கூடாது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்டுக் கவனிக்கும் திட்டம் 2018 முதல் சிங்கப்பூரில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது அதிகாரிகளும் குழுக்களும் சேர்ந்து, எந்த நாய் எந்த இடத்தில் பிழைக்கும் என்று பார்த்துச் செய்வது. காப்பகத்தில் வளர்ந்த நாயை நீங்களாக இறக்கிவிட்டு வந்தால் சட்டத்தின் கண்ணில் அது கைவிடுதல். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதை விடுங்கள், அந்தக் கட்டுமானத் தளத்தில் இந்நேரம் ஒரு தொழிற்சாலை நிற்கும், சோறு போட்ட ஊழியர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்.

கவ்வியதை மறைக்கவும் வேண்டாம். மறைத்துக் கொடுத்தால் ஒரே வாரத்தில் திரும்பி வரும், வரும்போது 'கடிக்கும் நாய்' என்ற பெயரோடு வரும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: நகம் வெட்டினோம், அமுக்கிப் பிடித்தோம், தப்பிக்க வழி இல்லாமல் கவ்வியது, தோல் கிழியவில்லை. நாய் வளர்த்தவர் இதைப் படித்தால் பயப்பட மாட்டார், இந்த நாயை அமுக்கிப் பிடிக்கக் கூடாது என்று புரிந்துகொள்வார். படித்துவிட்டுப் பயப்படுபவர் கோப்பிக்கு ஏற்றவர் இல்லை, அவர் போகட்டும்.

சரி, குழுக்கள் ஏன் பதில் போடவில்லை? எஸ்பிசிஏ, எஸ்ஓஎஸ்டி என்று யாரிடம் கேட்டாலும் வீடு கிடைக்காத நாய்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன, அதில் உங்கள் கோப்பி மாதிரி சுவரைப் பார்த்து உட்காருபவையும் நிறைய. 'தயவுசெய்து காப்பாற்றுங்கள்' என்ற கடிதம் அவர்களுக்கு நாள்தோறும் வருவதுதான். அப்படியே ஒரு குழு எடுத்துக்கொண்டாலும் என்ன ஆகும்? ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு, சில சமயம் அதே சுங்கை தெங்காவில் பக்கத்து வரிசைக்கு மாறும், தெரிந்த இரண்டு முகங்களையும் இழந்துவிட்டு முதலிலிருந்து பயப்படத் தொடங்கும். அதனால் கேட்பதைச் சின்னதாக்குங்கள். நாயை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்காமல், உங்கள் பக்கத்தில் இதன் படத்தையும் விவரத்தையும் மட்டும் போடுங்கள், மருத்துவச் செலவு நாங்கள் பார்க்கிறோம், விசாரிக்கும் ஆட்களை நானே சந்திக்கிறேன் என்று எழுதிப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்கும் குழுக்கள் உண்டு.

பொதுமக்களிடமும் அப்படியே. 'நிரந்தர வீடு வேண்டும்' என்றால் யாரும் அசைய மாட்டார்கள். 'மூன்று மாதம் ஃபாஸ்டர், அதாவது தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர், வேண்டும், முடியவில்லை என்றால் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்' என்றால் யோசிப்பார்கள். அந்த வாக்கைக் கொடுப்பதற்கு முன்னால் காப்பகத்தோடு பேசி, கோப்பியின் இடத்தை அந்த மூன்று மாதமும் வைத்திருப்பார்களா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

எந்த மாதிரி வீடு? பயந்த நாய் மனிதரை நம்புவதற்குமுன் இன்னொரு நாயை நம்பும். அமைதியான, ஆட்களோடு பழகிய நாய் ஒன்று வீட்டில் இருந்தால் அதைப் பார்த்துப் பார்த்தே இது பாதி கற்றுக்கொள்ளும். இங்கே சிக்கல் என்னவென்றால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரு நாய்தான் வைக்கலாம், தனியார் வீட்டில்தான் மூன்று வரை. ஆக, ஏற்கெனவே நாய் உள்ள தரைவீட்டுக்காரர்கள், கொண்டோக்காரர்கள் உங்கள் முதல் இலக்கு. அடுத்து, இரண்டாம் மூன்றாம் மாடியில், குழந்தைகள் இல்லாத, பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் ஒருவர். ஏன் தாழ்ந்த மாடி என்கிறேன் என்றால் லிஃப்ட். இந்த ஊரில் பயந்த நாய்களுக்கு லிஃப்ட் மாதிரி எமன் வேறில்லை: சின்னப் பெட்டி, ஓட வழியில்லை, கதவு திறந்தால் எதிரே முன்பின் தெரியாத நாலு பேர். படிக்கட்டில் இறங்க முடிந்தால் பாதிப் பிரச்சினை போச்சு.

வீடு தேடிக்கொண்டிருக்கும்போதே கோப்பியிடம் வேலை தொடங்குங்கள். நாய்க்குட்டி மனிதரோடு பழகுவதற்கான காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய பதினான்காவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த நாள்களில் கட்டுமானத் தளத்தில் ஒளிந்து வளர்ந்தது பெரியதான பிறகு நம்மைக் கண்டு நடுங்குவதில் ஆச்சரியமில்லை. (உடனே 'பாவம், யாரோ அடித்திருக்கிறார்கள்' என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். அடித்திருக்கலாம், அடிக்காமலும் இருந்திருக்கலாம்.) பக்கவாட்டில் உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், வேகவைத்த கோழித் துண்டை அதன் பின்பக்கம் எறியுங்கள். எறிந்ததை எடுக்க அது விலகிப் போகட்டும், திரும்பி வருவது அதன் இஷ்டம். கூட்டம் இருக்கும் பூங்காவுக்கு இழுத்துப் போய்ப் 'பழக்கிவிடுகிறேன்' என்பவர்களை அண்டவிடாதீர்கள், உறைந்து நிற்கும் நாயை அமைதியான நாய் என்று நினைத்துக்கொள்வார்கள். ஹார்னெஸ் (மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை) மாட்டவிடுவது, வார் பிடித்தால் நடப்பது, வண்டியில் ஏறுவது, இந்த மூன்றும் வந்துவிட்டால் கோப்பி எடுத்துப் போகக்கூடிய நாய் ஆகிவிடும். முன்னேற்றமே இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள், ஃபுளுவாக்செட்டின் போன்றவை நாய்களுக்கும் கொடுக்கிறார்கள், ஆனால் பலன் தெரியப் பல வாரம் ஆகும். அமெரிக்காவில் ஏஎஸ்பிசிஏ என்ற விலங்குநல அமைப்பு இந்த மாதிரி நாய்களுக்கென்றே வட கரோலினாவில் 2018இல் ஒரு மையம் திறந்தது, அங்கேயும் ஒவ்வொரு நாய்க்கும் மாதக்கணக்கில் வேலை நடக்கிறது.

சோகப் படம் வேண்டாம். உங்கள் கையிலிருந்து கோழி வாங்கித் தின்னும் வீடியோ ஒன்றே போதும், அரை நிமிடம்.

ஃபாஸ்டர் கிடைத்துவிட்டால் நாளைப் பார்த்து அனுப்புங்கள். தேசிய தின ஒத்திகை விமானங்கள் பறக்கும் வாரங்களிலும் சிங்க நடன மேளம் கேட்கும் சீனப் புத்தாண்டு நேரத்திலும் வீடு மாற்றாதீர்கள். முதல் சில வாரம் இரண்டு வார்கள் கட்டாயம், ஒன்று ஹார்னெஸில், ஒன்று கழுத்துப்பட்டையில். தப்பித்து ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் துரத்தினால் இன்னும் தூரம் ஓடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வீவக நாலறை வீட்டில் நானும் கணவரும் மட்டும். காப்பகத்து 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' (உள்ளூர்க் கலப்பின) நாய் ஒன்றை எடுக்க ஆசை. 18 கிலோ இருக்கும். அனுமதி உண்டா?
– வாசகி, யீஷூன்

பதில்: எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த மாதிரி நாய்களை வீவக வீட்டில் வைக்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் முன்பு 15 கிலோ, 50 சென்டிமீட்டர் என்று வரம்பு இருந்தது, 2020இல் எடை வரம்பை எடுத்துவிட்டு உயரத்தை 55 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். உயரம் என்றால் தலைவரை இல்லை, தோள்வரை. திட்டத்தில் உள்ள குழு மூலமாகத்தான் எடுக்க வேண்டும், கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சி வகுப்புக்கும் போக வேண்டியிருக்கும். தெரிந்தவர் வீட்டு நாயை நேராக வாங்கிக்கொண்டு வந்தால் இது பொருந்தாது. மேலே கோப்பியைப் படித்தீர்களா? நீங்கள் எந்த மாடி?

கேள்வி: தத்தெடுத்து இரண்டு வாரம் ஆகிறது, நாய் சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது. இரவில் மட்டும் வந்து சாப்பிடுகிறது. பிள்ளைகள் ஏமாந்து போயிருக்கிறார்கள். இழுத்து வெளியே விடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: இழுத்தால் கடிபடுவீர்கள். இரவில் வந்து சாப்பிடுகிறது அல்லவா, நல்லது. கிண்ணத்தை நாளுக்குக் கொஞ்சம் சோபாவிலிருந்து தள்ளி வையுங்கள். பிள்ளைகள் அதே அறையில் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யட்டும், குனிந்து எட்டிப் பார்க்க மட்டும் கூடாது. சாப்பாட்டை ஒரு நாளுக்குமேல் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அப்போதும் சோபாவைத் தூக்கி நகர்த்துங்கள், நாயை இழுக்காதீர்கள்.