படகைப் பிரித்துவிட்டீர்கள், இனி செக்கைக் கவனியுங்கள்

கேள்வி: பதினெட்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்குத் திரும்பியவன் நான். தாத்தா ஓட்டியதைப் போல ஒரு பழைய மர மோட்டார் படகை வாங்கிப் புதுப்பிக்க ஆசை. தேங்காப்பட்டணத்தில் ஒருவரிடம் 32 அடிப் படகை 2,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். 1,50,000 வங்கி வழியாகக் கொடுத்தேன், மீதி 90,000-க்கு அடுத்த மாதத் தேதி போட்டு செக். "சுத்த தேக்காக்கும் அண்ணே, ஒரு துளி வெள்ளம் ஏறாது" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். ஓடாவி (படகுத் தச்சர்) பலகையைப் பிரித்தால் ஏராக்கட்டை (படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகுக்கட்டை) உளுத்திருக்கிறது, அடிப்பலகைகள் மாமரம். பதினொரு பலகை மாற்றி, வங்கும் (பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலாக்கட்டை) புதிதாக வைத்ததில் 65,000 செலவாகிவிட்டது. மாதா சொரூபத்தின் முன்னால் சத்தியம் செய்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. கேட்கப் போன என் மச்சானை ஊர் பார்க்கக் கேலி பேசினார். செக்கை நிறுத்தச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். படகைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் செலவையும் வாங்கலாமா? மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: சத்தியம், கேலி, எடுக்காத போன் எதுவும் கோர்ட்டுக்குள் வராது. உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே வரி: பதினொரு பலகை மாற்றி வங்கும் புதிதாக வைத்தீர்கள்.

தேக்கு என்று சொல்லி மாமரத்தைக் கொடுத்தால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி பொருளைத் திருப்பிவிடும் உரிமை உங்களுக்கு இருந்தது. ஒரு பலகையைக் கழற்றிப் பார்ப்பது சோதனை. பதினொன்றைக் கழற்றிப் புது வங்கு வைப்பது உரிமையாளன் செய்கிற வேலை. அதைச் செய்ததும் படகை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக 42-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்ப முடியாது. விலையில் குறைத்துக் கேட்கலாம், நஷ்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான்.

நஷ்டஈட்டிலும் 65,000 முழுதாக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். "புதுப்பிக்கத்தானே வாங்கினீர்கள், பழுது இருக்கும் என்று தெரியாதா?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. பழைய படகில் ஏரா உளுத்திருப்பது வாங்குபவன் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. தேக்கு என்று சொன்னது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். தேக்குப் படகுக்கும் இந்தப் படகுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைத்தான் கேட்க முடியும்.

மோசடி வழக்கு வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 318-ஆம் பிரிவுக்கு, பேசும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அவரும் யாரிடமோ தேக்கு என்று கேட்டு வாங்கியிருந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். நுகர்வோர் ஆணையமும் உதவாது. தன் படகு ஒன்றை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார்.

இனி பையில் இருக்கும் கடிதத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

படகு உங்களிடம் இருக்கிறது, மீதி விலை பாக்கி. அப்படியானால் அந்த 90,000 சட்டப்படியான கடன். நீங்கள் நிறுத்தி செக் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் விடலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் நீங்கள் கட்டவில்லை என்றால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு. "கணக்கில் பணம் இருந்தது, நான்தான் நிறுத்தினேன்" என்பது மட்டும் போதாது. நிறுத்தச் சொன்ன செக்குக்கும் 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. நிறுத்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டித் தப்பலாம், ஆனால் அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கும் அவருடைய வங்கிக் கிளை இருக்கும் இடத்தில்தான் நடக்கும். அது மார்த்தாண்டம் என்றால் குழித்துறைக் கோர்ட்டுக்கு நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் வக்கீலான என்னிடம் வழக்கோடு வந்தார். பழைய லாரி வாங்கி, கோளாறு தெரிந்ததும் செக்கை நிறுத்தியவர். வந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக குவைத் போய்விட்டார். வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் கிடைத்ததாகவே கணக்கு என்பது அவருக்குத் தெரியாது. சம்மன் வீட்டுக்கு வந்தது, பிறகு பிடிவாரண்ட். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது குற்ற வழக்கு நிலுவை என்று நிறுத்தி, கோர்ட் அனுமதி கொண்டுவரச் சொன்னார்கள். கடைசியில் முழுத் தொகையையும் கட்டி சமரசம் செய்தார். லாரியில் கோளாறு இருந்தது உண்மை. அதைப் பேச அவருக்கு ஒரு வாய்தாகூடக் கிடைக்கவில்லை. நீங்களும் மறுபடி வெளிநாடு போகிற ஆள் என்றால் இதை இரண்டு தடவை படியுங்கள்.

எனவே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். செக் தேதிக்கு முன்னால் வக்கீல் நோட்டீஸ் போகட்டும்: தேக்கு என்று சொன்னீர்கள், இல்லை, சரக்கு விற்பனைச் சட்டம் 59-ஆம் பிரிவுப்படி விலையில் இவ்வளவு கழிக்கிறேன், செக்கைப் போடாமல் மீதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அதையும் மீறி அவர் செக்கைப் போட்டால் பாஸ் ஆக விடுங்கள். நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று வருடம் இருக்கிறது.

கழற்றிய பலகைகள் எங்கே? ஓடாவி அடுப்புக்குக் கொண்டுபோகுமுன் தேதி எழுதி அடுக்கி வையுங்கள். மீதிப் பலகைகளை இப்போதைக்குத் தொட வேண்டாம். குரல் பதிவு வந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய அந்த போன் வேண்டும்.

வெளிப்படையாகவே சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். மச்சானை அனுப்பாமல் இரண்டு பேருக்கும் வேண்டிய ஒருவரோடு நீங்களே போங்கள். 90,000-க்குப் பதில் 45,000, 50,000-க்குப் படிந்தால் முடித்துவிடுங்கள். குழித்துறைக்கு நாலு வருடம் நடந்தாலும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அன்றைக்கே "இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீன்வளத் துறையில் பதிவான படகாக இருந்தால் பெயர் மாற்றத்துக்கான கையெழுத்தையும் அதே உட்காரலில் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். செக் தொலைந்துபோய்விட்டது, ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்று அவர் சொன்னால் பணத்தை அனுப்பாமல் எழுந்து வந்துவிடுங்கள். அசல் செக் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் பணம்.