விளம்பரங்கள் குழந்தைகளை அதிகம் பாதிக்கின்றனவா, பெற்றோரையா?

என் வீட்டுக் கணக்குப்படி என்னைத்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மகன் யுகேஜி படித்தபோது பிரேயர் வரிசையில் எப்போதும் முதல் ஆள், அதாவது வகுப்பிலேயே குள்ளம். டிவியில் ஒரு பையன் டம்ளர் பாலைக் காலி செய்துவிட்டு மடமடவென்று வளர்ந்து, கை குட்டையாகிப்போன சட்டையோடு நிற்பானே, அந்த மாதிரி விளம்பரம் வந்தால் இவன் கார்ட்டூன் எப்போது வரும் என்று ரிமோட்டைத் தேடுவான், நானும் மனைவியும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். நான் ஐந்தடி நாலு அங்குலம், அவள் ஐந்தடிக்கும் கீழே. பையன் மட்டும் எப்படிப் பனைமரமாக வளர்வான் என்று அப்போது தோன்றவே இல்லை. அந்த விளம்பரத்தில் வருகிற, பாலில் கலக்கும் சத்துபான மாவை மாதம் ஒரு டப்பா வீதம் இரண்டு வருடம் வாங்கினோம்.

அப்புறம் ஒருநாள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். மாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன், அதைப் பாலில் கலக்க வேண்டுமாம். அப்படியென்றால் டம்ளரில் இருக்கும் புரதத்தில் பெரும்பங்கு நான் வாங்கி ஊற்றுகிற பாலில் இருந்தே வந்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னதற்கு, "உனக்குக் கேப்பைக்கூழ் ஊத்துனப்பவும் நீ இதே உசரந்தான்டா இருந்த" என்றார்.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த வகை பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் இருந்து எடுத்துவிடுங்கள் என்று ஆன்லைன் கடைகளிடம் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகைக்கு வரையறையே கிடையாது என்பதுதான் காரணம். அதே மாதத்தில் ஹார்லிக்ஸ்கூட 'ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்' என்று பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கே 1980 முதல் தடை. இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. எங்கள் தெருப் பள்ளி வாசலில் இருந்து பெட்டிக்கடைக்கு என் நடையில் இருபது எட்டு, அங்கே பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன.

குழந்தைகள் ஏமாறுவதில்லையா என்றால், ஏமாறுகிறார்கள். பில் போடுகிற இடத்தில் நம் முழங்கால் உயரத்தில் பொம்மை வைத்த சாக்லெட்டை அடுக்கியிருப்பது யாருக்காக? ஆனால் அவனுக்கு வேண்டியது பொம்மை, அது நேராகக் கைக்கு வந்துவிடுகிறது, சாக்லெட்டில் பாதியை எனக்கே கொடுத்துவிடுவான். நான்தான் வராத உயரத்துக்கு இரண்டு வருடம் காசு கொடுத்தேன்.

இப்போது அவன் நாலாவது. போன வாரம் அதே மாதிரி ஒரு விளம்பரம் ஓடியது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "அந்த அண்ணா வளரவே இல்லப்பா, சின்ன சட்டையா மாட்டி விட்டுருக்காங்க."