எக்ஸ்எம்எல் கோப்புகளை இணைப்புத் தரவாக மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நூற்பட்டியல் ஆயிரக்கணக்கான எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கிறது. ஒரே சொடுக்கில் ஆர்டிஎஃப் (தரவுகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் முறை) ஆக்க முடியுமா?

பதில்: ஆக்கிவிடலாம். ஆனால் அப்படி வருவதை வைத்து அதிகம் செய்ய முடியாது. எக்ஸ்எம்எல் ஒரு மரம் போன்றது: டேக் என்ற பெயர்க்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைக்கும். ஒரு டேக்குக்குள் இன்னொன்று இருப்பதை அது காட்டும், ஏன் இருக்கிறது என்று சொல்லாது. ‘நூல்’ டேக்குக்குள் இருக்கும் ‘பெயர்’ நூலின் தலைப்பு. ‘ஆசிரியர்’ டேக்குக்குள் இருக்கும் அதே ‘பெயர்’ ஒரு மனிதரைக் குறிப்பது. ஆர்டிஎஃப்பிலோ ஒவ்வொரு செய்தியையும் எது, என்ன உறவு, எதனோடு என்று மூன்று உறுப்புகளாக எழுத வேண்டும். நடுவில் உள்ள அந்த உறவைக் கருவியால் ஊகிக்க முடியாது. நீங்கள்தான் ஒருமுறை உட்கார்ந்து தீர்மானித்து விதியாக எழுத வேண்டும். அப்புறம் எத்தனை கோப்பு வந்தாலும் தானாக ஓடும்.

கேள்வி: விதியை எதில் எழுதுவது? எக்ஸ்எம்எல்லை வேறு வடிவமாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி எனக்குத் தெரியும்.

பதில்: அதிலேயே தொடங்குங்கள். 2007இல் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையான கிரிடில் என்ற முறை இந்த வழியில் வந்ததுதான்: எந்த மாற்றியை ஓட்ட வேண்டும் என்று கோப்பே சுட்டிக்காட்டும். சிஎஸ்வி, ஜேசன் போன்ற வேறு கோப்பு வடிவங்களும் கலந்து வந்தால், ஆர்எம்எல் என்ற விதி எழுதும் மொழி நல்லது. உறவுத் தரவுத்தளங்களுக்காக 2012இல் வந்த ஆர்2ஆர்எம்எல்லை மற்ற வடிவங்களுக்கும் விரித்தது அது. எக்ஸ்எம்எல்லில் வேண்டிய இடத்தை எக்ஸ்பாத் கொண்டு சுட்டலாம்.

கேள்வி: ஆசிரியர் பெயரை வைத்தே யூஆர்ஐ (ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டும் முகவரி) அமைத்துவிட்டேன். தவறா?

பதில்: தயவுசெய்து மாற்றுங்கள். இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒருவர் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால் அவர் இரண்டு பேராகிவிடுவார். அதைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிட்டால்தான் ஆபத்து: யாருடைய நூல் எது என்ற விவரமே கலந்துவிடும், பிரிக்க மறுபடி மூலத்துக்குத்தான் போக வேண்டும். மூலத்தில் ஆசிரியருக்கு எண் இருந்தால் அதை வைத்து யூஆர்ஐ அமையுங்கள். இல்லையென்றால் பதிவின் எண்ணையும் அதில் அவர் எத்தனையாவது ஆசிரியர் என்பதையும் சேர்த்து வையுங்கள். பிறகு தனிக் கட்டமாக வியாஃப் (நூலகங்களின் பெயர்ப் பட்டியல்களை இணைக்கும் தளம்), விக்கித்தரவு (திறந்த தரவுத்தளம்) ஆகியவற்றோடு ஒப்பிடலாம். பெயரோடு பிறந்த ஆண்டு, நூல் தலைப்பு போன்றவையும் பொருந்தினால் மட்டும், இரண்டும் ஒன்றே என்று சொல்லும் ‘சேம்ஆஸ்’ உறவைப் போடுங்கள். ஒன்றுக்கு உண்மையானதெல்லாம் மற்றதற்கும் உண்மை என்பது அதன் பொருள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மூன்று ஆசிரியர்கள் உள்ள நூலில் வரிசை மாறி வருகிறதே?

பதில்: ஆர்டிஎஃப் கூற்றுகளுக்கு வரிசை கிடையாது. வரிசையைக் காக்கும் ஆர்டிஎஃப் லிஸ்ட் பயன்படுத்துங்கள், அல்லது ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக மாறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் எண்ணுங்கள். மூலத்தில் எத்தனை ‘நூல்’ டேக் என்று எக்ஸ்பாத்திலும், விளைவில் எத்தனை நூல் என்று ஆர்டிஎஃப் தரவைக் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிலிலும் கேளுங்கள். விளைவில் குறைந்தால், சில நூல்கள் விதியில் விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு நூல்களுக்கு ஒரே யூஆர்ஐ போயிருக்கும். அடுத்து, 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஷாக்கில் என்ற சரிபார்ப்பு மொழியில் ‘ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தலைப்பாவது வேண்டும்’, ‘தலைப்புக்கு மொழிக்குறி (அது எந்த மொழி என்ற குறிப்பு) வேண்டும்’ என்று நிபந்தனைகள் எழுதி ஓட்டுங்கள். மொழிக்குறியை விதியில் குறிப்பிடாவிட்டால் அது சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.