டிக்கோயா குளிரில் மலைப்பாம்பு வளர்க்கலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. டிக்கோயாவில் தோட்டத்து லயத்தில் அம்மா, தங்கச்சியுடன் இருக்கிறேன். வெளிநாடுகளில் பெரிய பெரிய மலைப்பாம்புகளை வீட்டில் வளர்ப்பவர்களின் வீடியோக்களை விடாமல் பார்ப்பேன். மஹியங்கனையில் இருக்கும் மாமா, வயலில் ஒரு குட்டியைப் பிடித்து வாளியில் மூடி வைத்திருக்கிறார். வேண்டுமென்றால் வந்து கொண்டுபோ என்கிறார். அதை உள்ளே கொண்டுவந்தால் தான் வெளியே போய்விடுவேன் என்கிறார் அம்மா. வளர்க்க என்னென்ன வேண்டும்? இப்படி ஆசைப்படுவதே பைத்தியக்காரத்தனமா?

பதில்: ஆசையில் ஒரு பைத்தியக்காரத்தனமும் இல்லை, தம்பி. அதற்குப் பிறகு வருவோம். முதலில் மாமாவுக்கு போன் பண்ணி, வாளிக்குள் யாரும் கை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைத் தூக்கிக் கடி வாங்குவது நடக்கக்கூடிய விஷயம். மஹியங்கனைப் பக்கம் இரண்டுமே உண்டு. இரண்டுக்கும் மண்ணிறத்தில் கருத்த திட்டுகள்தான். கண்ணாடி விரியனுக்கு முட்டை வடிவத் திட்டுகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஓடும். செதில்கள் சொரசொரப்பாக, மினுக்கமில்லாமல் இருக்கும், வால் கட்டை, சீண்டினால் பிரஷர் குக்கர்போலச் சீறும். மலைப்பாம்புக்குத் திட்டுகள் பெரியவை, ஒன்றுபோல் ஒன்று இராது. செதில் வழுவழுப்பாக மினுங்கும். மேலுதட்டில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இதையெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாம். இரண்டு மீற்றர் தள்ளி நின்று போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

மலைப்பாம்பாகவே இருந்தாலும் அதை வைத்திருக்க முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நம் நாட்டு மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு இனம் ஒன்றை வரவழைக்கலாமே என்று நினைத்தால், உலகின் எல்லா மலைப்பாம்புகளும் அனகொண்டாக்களும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கின்றன. இலங்கை 1979இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் வருவது கடத்தல்.

சட்டம் இல்லையென்றாலும் உங்கள் ஊரின் குளிர் விடாது. வீடியோக்களில் சரியாகச் சொல்லப்படாத விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலைப்பாம்புக்கு உடற்சூடு வெளியிலிருந்து வரவேண்டும். கூண்டின் ஒரு முனை 31, 32 பாகையும் மறுமுனை 25, 26 பாகையும் இருக்கவேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். டிக்கோயாவில் தை மாதத்து இரவு 13, 14 பாகைக்கு இறங்கும். தகரக் கூரை லயத்தில் உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர்தான். அந்தக் குளிரில் இரை விழுங்கிய பாம்புக்குச் செரிமானம் நின்றுவிடும். வயிற்றுக்குள் எலி அழுகத் தொடங்கும். மூன்றாம், நான்காம் நாள் நாற்றத்தோடு கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வருவதால் தொண்டை புண்ணாகும். பசியில் இருக்கிறதே என்று பாவம் பார்த்து உடனே அடுத்த எலியைக் கொடுத்தால் அதையும் கக்கும். இப்படியே மெலிந்து சாகும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டும்: வாயோரத்தில் குமிழி, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கியபடி வாய் திறந்திருப்பது. அடியில் ஈரம் தேங்கினால் வயிற்றுச் செதில்கள் பழுத்து அழுகும்.

ஹீட்டர் வைத்தால் ஆகாதா? ஆகும், செலவைப் பாருங்கள். வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கும் பர்மிய மலைப்பாம்பு, வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்தது 2.4 மீற்றர் நீளம், 1.2 மீற்றர் அகலம், ஒரு மீற்றருக்கு மேல் உயரமான கூண்டு வேண்டும். லயக் காம்பராவில் கட்டில் போட இடமிருக்காது. 300 வாட் வெப்பத் தகடு பாதி நேரம் எரிந்தாலும் நாளைக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108 யூனிட். பாவனை கூடக்கூட யூனிட் விலையும் ஏறுவது உங்களுக்குத் தெரியும். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எரியவிட்டால் பாம்பு வெந்துபோகும். சுடும் பல்புக்குக் கம்பி வலை மூடி போடாவிட்டால் அதையே சுற்றிக்கொண்டு படுத்து, தோல் கருகும்வரை விலகாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்படி ஒரு மாதம் வந்தால் ஹீட்டரை நம்பி வாழும் பிராணியை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

இத்தனை பாடு பட்டும் ஏன் வளர்க்கிறார்கள் என்றால், காரணம் இருக்கிறது. புதிதாகச் சட்டை உரித்த மலைப்பாம்பின் முதுகில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஊதாவும் பச்சையுமாக ஒரு மினுக்கம் ஓடும். நிறம் செதிலில் இல்லை, வெளிச்சம் உடைவதில் வருகிறது. உதட்டுக் குழிகளால் இருட்டிலும் எலியின் உடற்சூட்டை அறியும். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரை ஒன்றை விழுங்கி 48 மணித்தியாலத்துக்குள் அதன் இதயக் கீழறையின் தசை 40 வீதம் பருக்கும், செரித்ததும் பழையபடி சுருங்கும். 2005இல் இதை அளந்து வெளியிட்டார்கள். தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுங்கவைத்துத் தானே சூடு உண்டாக்கி, இரண்டு மாதமளவு அடைகாக்கும். ஊர்வனவற்றில் இப்படிச் செய்வது அபூர்வம். இதையெல்லாம் கண்ணெதிரே வருடக்கணக்கில் பார்க்கக் கிடைப்பதுதான் அவர்களுடைய சந்தோஷம். சத்தமில்லை, வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரை, இருபது வருடத்துக்கு மேலும் கூட இருக்கும். ஆனால் அது உங்கள்மேல் பாசம் வைக்காது. உங்கள் கைக்குப் பழகும், உங்கள் உடற்சூட்டை விரும்பும். அவ்வளவுதான்.

பழகிய பாம்பும் கடிக்கிறது. பெரும்பாலும் கோபத்தில் அல்ல, இரை என்று நினைத்து. கோழியோ முயலோ தொட்ட கையோடு கூண்டைத் திறந்தால் அந்த வாசனையைத் தேடிப் பாயும். அதனால் முதலில் நீளக் கொக்கியால் உடம்பில் மெதுவாகத் தட்டுவார்கள். இது சாப்பாட்டு நேரமில்லை என்று பாம்பு பழகிக்கொள்ளும். இரையைக் கொன்றபின் நீள இடுக்கியால் கொடுப்பார்கள். உயிர் எலி திருப்பிக் கடித்துப் பாம்பின் கண்ணையே பறித்துவிடும். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், கவ்விவிட்டால் கையை இழுக்கக்கூடாது, சதை கிழியும். வாயோரத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டால் விடும். சுற்றிக்கொண்டால் வால் நுனியிலிருந்து பிரிக்கவேண்டும், வலு குறைந்த முனை அது. இரண்டரை மீற்றரைத் தாண்டிய பாம்பின் கூண்டை விஷயம் தெரிந்தவர்கள் தனியாகத் திறப்பதில்லை. பூட்டு முக்கியம். 2013இல் கனடாவின் கெம்பல்டன் நகரில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று கூண்டிலிருந்து காற்றோட்டக் குழாய் வழியாகப் போய், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சின்னப் பையன்களைக் கொன்றது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் சந்து பொந்துகளை எல்லாம் யார் அடைப்பது? உங்கள் அம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

பர்மிய மலைப்பாம்பின் அரை மீற்றர்க் குட்டி நன்றாகத் தின்றால் இரண்டு வருடத்தில் மூன்று மீற்றரை எட்டிவிடும். அமெரிக்காவில் அப்படி வளர்ந்து சமாளிக்க முடியாமல் போனவற்றைச் சிலர் காட்டில் விட்டார்கள். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அவை பெருகி, அங்கிருந்த ரக்கூன், முயல் எல்லாவற்றையும் தின்று தீர்க்க, 2012இல் பர்மிய மலைப்பாம்பை இறக்குமதி செய்வதையே அந்நாடு தடை செய்தது.

ஆகவே மாமா வனசீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழைக்கட்டும். அவர்கள் வரும்வரை வாளி நிழலில் இருக்கட்டும். மூடியில் சிறு துளைகள், மேலே ஒரு கல். தண்ணீர், தவளை எதுவும் போடவேண்டாம், அது பல நாள் பசி தாங்கும். பிடித்த வயல் எது என்று வருகிறவர்களுக்குக் காட்டினால் அதே பக்கத்தில் விடலாம். டிக்கோயாவுக்குக் கொண்டுவந்து விட்டால் குளிரில் பிழைக்காது.

உங்களுக்கு: கொழும்புப் பக்கம் போகும்போது தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பகுதியில் அரை நாள் நில்லுங்கள். உதட்டுக் குழிகளையும், மலவாய்க்கு இரு பக்கமும் நகம்போல் நீட்டியிருக்கும் பின்கால்களின் மிச்சத்தையும் கண்ணாடிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம். பிறகு உங்கள் தோட்டத்துப் பாம்புகளிலிருந்து தொடங்குங்கள். எலி பிடிக்கும் சாரையை அநியாயமாக அடித்துக் கொல்கிறார்கள். இலங்கையில் மட்டுமே வாழும் பச்சை விரியன் தேயிலைச் செடியிலேயே படுத்திருந்து கொழுந்து பறிக்கும் கையைக் கடிக்கிறது. கீழே சருகுக்குள் மூக்கு நுனி மேல்நோக்கிய குனகட்டுவா என்ற சின்ன விரியன் இருக்கிறது. இந்த மூன்றையும் தள்ளி நின்று அடையாளம் காணப் பழகி, படங்களை அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் காட்டுங்கள்.