பாசர் ரேட்டிங் குவார்ட்டர்பேக்கைச் சரியாக எடைபோடுகிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக், பார்க்கத் தொடங்கி ஒரு சீசன்தான் ஆகிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குத் திரையில் 99.3, 112 என்று பாசர் ரேட்டிங் காட்டுகிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மொத்தம் நான்கு கணக்குகள். எத்தனை சதவீத பாஸ் கைசேர்ந்தது, ஒரு பாஸுக்குச் சராசரியாக எத்தனை யார்டு, எத்தனை சதவீதம் டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), எத்தனை சதவீதம் இன்டர்செப்ஷன் (எதிரணி பந்தைப் பிடித்துவிடுவது). ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2.375 வரை மதிப்பெண். நான்கையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்குவார்கள். 30 பாஸில் 20 கைசேர்ந்து, 240 யார்டு, 2 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன் என்றால் 99.3 வரும். உச்சம் 158.3. என்எஃப்எல் இதை 1973-இல் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: அந்த நான்கையும் சமமாகத்தானே எடுக்கிறார்கள்? அதில் என்ன குறை?

குறையே அங்கேதான் இருக்கிறது. சூத்திரத்தைப் பிரித்து யார்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். கைசேர்ந்த ஒவ்வொரு பாஸுக்கும் 20 யார்டு போனஸ், டச்டவுனுக்கு 80 யார்டு, இன்டர்செப்ஷனுக்கு 100 யார்டு அபராதம். ஒருவர் 10 யார்டு பாஸ் இரண்டு போட்டு இரண்டும் கைசேர்ந்தால் 60 யார்டுக்கான மதிப்பு. இன்னொருவர் ஒரு பாஸைத் தவறவிட்டு, அடுத்ததில் 20 யார்டு எடுத்தால் 40-தான். களத்தில் இருவரும் பந்தை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். இதனால் பக்கத்திலேயே பந்தைத் தட்டிவிடுபவர் உயர்ந்து தெரிகிறார், தூரம் பார்த்து எறிபவர் தாழ்ந்து தெரிகிறார்.

டச்டவுனும் அப்படித்தான். 60 யார்டு பாஸில் ஆள் எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் வீழ்த்தப்பட்டு, அடுத்த முயற்சியில் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஓடி முடித்தால், குவார்ட்டர்பேக்குக்கு அந்த 80 கிடைக்காது. அந்த ஒரு யார்டை பாஸாகப் போட்டால் கிடைக்கும்.

கேள்வி: ரேட்டிங் குறைவு என்றால் மோசமான ஆட்டம் என்றாவது சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள்: ஒருவர் எல்லா பாஸையும் தரையிலேயே அடித்தால் ரேட்டிங் 39.6. இன்டர்செப்ஷன் இல்லை என்பதற்கான முழு மதிப்பெண் மட்டும் அவருக்கு வந்துவிடுகிறது. பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா 1970-இல், தன் முதல் சீசனில், எடுத்த ரேட்டிங் 30.4. பந்தைத் தரையில் அடித்தே காலம் தள்ளியிருந்தால் அதைவிட மேல் என்கிறது சூத்திரம்! அவரை நம்பித்தான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் நான்கு சூப்பர் பவுல் வென்றது.

கேள்வி: சார், பழைய குவார்ட்டர்பேக்குகளில் ஜானி யூனிட்டாஸின் வாழ்நாள் ரேட்டிங் 78.2, ஜோ நேமத்துடையது 65.5. இன்று அந்த எண் இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களே. இவர்களையா ஜாம்பவான்கள் என்கிறீர்கள்?

ஆமாம், தயங்காமல் சொல்வேன். சூத்திரத்தை வகுத்தவர்கள் சராசரி ஆட்டக்காரருக்கு 66.7 வருமாறு அமைத்தார்கள். இன்று லீக் சராசரியே 90-ஐ ஒட்டி நிற்கிறது. 1978-இல் விதிகள் மாறின. ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரை (பாஸைப் பிடிக்க ஓடுபவரை) தொட்டு மறிக்கக் கூடாது என்றார்கள், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கைநீட்டித் தடுக்கலாம் என்றார்கள். அதற்கு முன் ரிசீவரை மறிக்க இதைவிடத் தாராளமாக இடம் இருந்தது. அந்தச் சூழலில் எறிந்தவரை இன்றைய எண்ணோடு ஒப்பிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அந்தந்த ஆண்டின் சராசரியோடு ஒப்பிடுங்கள், அவர்களின் உயரம் தெரியும்.

கேள்வி: 2024-இல் லமார் ஜாக்சனின் ரேட்டிங் 119.6, ஜோஷ் ஆலனுடையது 101.4. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ஆலனுக்கு. அப்படியானால் ரேட்டிங்குக்கு மதிப்பே இல்லையா?

ஜாக்சனுக்குக் கொடுத்திருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன், 41 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன் என்பது அபூர்வம். ஆனால் ஆலன் 12 டச்டவுன்களைத் தானே பந்தோடு ஓடி எடுத்தார். பாஸ் போடும் முன்பே பிடிபட்டு வீழ்ந்தது, அதாவது சாக் ஆனது, சீசன் முழுக்க 14 முறைதான். இந்த இரண்டில் எதுவும் ரேட்டிங்கில் இல்லை. மூன்று நொடிக்குள் ஆபத்தை உணர்ந்து தப்பிப்பது குவார்ட்டர்பேக்கின் பெரிய திறமை. அதைக் கணக்கில் எடுக்காததுதான் இந்தச் சூத்திரத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை மட்டும் ஏன் எல்லாரும் சந்தேகிக்கிறார்கள்? எண்கள் அவர் பக்கம்தானே?

2022 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கடைசியாக, 262-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் என்பதால் முதலிலிருந்தே ஒரு அலட்சியம் உண்டு, அது தவறு. 2023-இல் 113.0 எடுத்து லீக்கில் முதலிடம். மறு ஆண்டு அணியின் ரன்னிங் பேக் மெக்காஃப்ரியும் ரிசீவர் ஐயுக்கும் காயத்தால் பெரும்பகுதி ஆடவில்லை, ரேட்டிங் 96.1-க்கு இறங்கியது. எறிந்த கை அதேதான். பந்தைப் பிடித்தபின் ரிசீவர் ஓடும் யார்டும் குவார்ட்டர்பேக்கின் கணக்கிலேயே சேர்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் இஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலின் கியூபிஆர் என்ற குவார்ட்டர்பேக் மதிப்பீட்டை நம்பலாமா?

2011-இல் வந்தது. 0 முதல் 100 வரை, ஓட்டமும் சாக்கும் ஆட்டச் சூழலும் அதில் உண்டு. எண்ணத்தில் நல்ல அளவுகோல். ஆனால் முழுச் சூத்திரம் வெளியே இல்லை. நீங்களும் நானும் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியாத எண்ணை வைத்து ஒருவரின் தொழிலைத் தீர்மானிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி: என் மகன் ஹைஸ்கூல் அணியில் குவார்ட்டர்பேக். ஒரு தளத்தில் அவன் ரேட்டிங் 160-க்கு மேல் காட்டுகிறது. உச்சமே 158.3 என்கிறீர்களே?

அது கல்லூரிச் சூத்திரமாக இருக்கும், அதற்கு 158.3 என்ற வரம்பு கிடையாது. இரண்டையும் ஒப்பிடாதீர்கள். இந்த வயதில் அவனுக்கு ரேட்டிங்கைக் காட்டாமலிருப்பதே நல்லது. எண் குறையும் என்று பயந்து மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 10 யார்டு வேண்டிய இடத்தில் 4 யார்டு பாஸ் போடப் பழகிவிடுவான்.

கேள்வி: ஒரே ஒரு எண்தான் பார்க்கலாம் என்றால்?

திருத்திய நிகர யார்டு. பாஸ் யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டுங்கள், இன்டர்செப்ஷனுக்கு 45 கழியுங்கள், சாக்கில் இழந்த யார்டையும் கழியுங்கள். வந்ததைப் பாஸ் எண்ணிக்கையும் சாக் எண்ணிக்கையும் சேர்ந்த தொகையால் வகுத்தால் போதும். ஆலன் போல ஓடுபவர்களுக்கு மட்டும் ஓட்டக் கணக்கைத் தனியாகப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.