சீனக் கார் வேண்டாம் என்கிற மாமனார்

பி.ஒய்.டி அட்டோ 3 என்கிற சீன மின்சார கார் பிடித்திருக்கிறது, ஆனால் மாமனார் ‘சீனாக்காரன் பொருள் ஆறு மாசம் தாங்காது’ என்கிறார், முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் மனதில் இருப்பது பர்மா பஜார் டார்ச் லைட். வோல்வோ கார் கம்பெனியை 2010இல் வாங்கியதே சீனாவின் ஜீலி கம்பெனிதான், 2025இல் இங்கே வந்த டெஸ்லா மாடல் ஒய் ஷாங்காயிலிருந்து இறங்கியது என்று சொல்லிப் பாருங்கள். பேட்டரியைப் பற்றியும் பெரிதாகக் கவலை வேண்டாம். அதில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட்; நிக்கல் கலந்த வகையைவிடச் சூட்டைத் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அது நல்லதுதான்.

என் கவலை உதிரிபாகம். நானும் இறக்குமதி மின்சார வண்டிதான் வைத்திருக்கிறேன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பெருந்துறை பக்கம் ஒரு லாரி உரசி இடது ஹெட்லைட் போனது. கப்பலில் வரணும் என்றார்கள். 47 நாள் செலோ டேப் ஒட்டி ஓட்டினேன். (போலீஸ்காரர் ஒருவர் பாவம் பார்த்து விட்டுவிட்டார்.)

அதனால் ஷோரூமில் நிறத்தைப் பார்க்கும் முன் சர்வீஸ் ஆளைப் பிடியுங்கள். முன் பம்பரும் கண்ணாடியும் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள், அதை எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் கட்டாதீர்கள். அப்புறம், இன்சூரன்ஸ் தொகையையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் விற்கிற எண்ணம் இருந்தால் நான் வாங்க மாட்டேன். எட்டு வருடம் ஓட்டுவதென்றால் சரி, தாராளமாக.