கடைசி வரியில் எழுதிய குறட்டை

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தில் எனக்கு உறைத்தது கடைசி வரிதான்: ‘குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறேன் என்று மனைவி சொல்கிறார். போன மாதம் சென்னை ஓ.எம்.ஆர். சாலை சிக்னலில் இரண்டு முறை ஸ்டியரிங்கிலேயே கண் அசந்துவிட்டேன்.’ இதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.

முதலில், பெயர்கள் மறப்பதால் அப்பாவைப் போல டிமென்ஷியா (நினைவாற்றல் தேயும் நோய்) வந்துவிட்டதோ என்ற உங்கள் பயம். 41 வயதில், மீட்டிங்கில் ஒருவர் பெயர் வாய்க்கு வராமல் அரை மணி கழித்துத் தானாக ஞாபகம் வருவது டிமென்ஷியா அல்ல. அந்த நோயில் மீட்டிங் நடந்ததே மறந்துபோகும். பெரும்பாலும் மறப்பவருக்கு அது தெரியாது, வீட்டார்தான் அழைத்து வருவார்கள். அப்பாவுக்கு 74 வயதில் வந்ததை வைத்து உங்களுக்கு இப்போதே வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். வீடியோ பார்த்துத் தொடங்கிய ‘டோபமைன் விரதம்’ (மொபைல் போன்ற உடனடி இன்பங்களைத் தள்ளிவைப்பது), மூளைப் பயிற்சி ஆப் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

டீமில் உள்ள 14 பேரிடமும் எரிந்து விழுகிறேன், தலைமைக்கே லாயக்கில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் கோபத்துக்கு பிரேக். தூக்கம் குறைந்தால் முதலில் தேய்வது அந்த பிரேக். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா, நன்றாகத் தூங்கியவர்களைவிட அவர்களிடம் 60 சதவீதம் அதிகமாக வேலை செய்தது; முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. உங்கள் சுபாவத்தைக் குறை சொல்வதற்கு முன் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

‘ஐந்தரை மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்கிறீர்கள். பழகவில்லை, குறைவது தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். 2003-இல் வந்த ஆய்வில், 14 நாள் தினமும் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், இரவு முழுக்க விழித்திருந்தவர்களின் கவனத்தைப் போலச் சரிந்தது. ஆனால் தங்களுக்குப் பெரிதாகத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே அவர்கள் சொன்னார்கள்.

இதற்கு மேல், நண்பர் கொடுத்தார் என்று தினமும் மாலை 4 மணிக்கு, தூக்கத்தை விரட்டும் மாத்திரையான மொடாஃபினில் 200 மில்லிகிராம்! இது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. உள்ளே போனதில் பாதி குறைய 12 முதல் 15 மணி நேரம் ஆகும். அதாவது விடிகாலை 4 மணிக்கும் பாதி மருந்து ரத்தத்தில் நிற்கிறது. பிறகு தூக்கம் வரவில்லை என்று இரவில் இரண்டு பெக். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுக் குழலை இன்னும் அடைக்கும். தூக்க மாத்திரையும் அப்படியே ஆபத்து. மூன்றும் இன்றோடு நிற்கட்டும்.

எனக்குச் சந்தேகம் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டை மூடி, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும், ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கும். மணிக்கு 5 தடவை தாண்டினால் நோய், 30 தொட்டால் தீவிரம். ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும்.

இன்றிரவே, நீங்கள் மல்லாந்து தூங்கும்போது மனைவியைச் சத்தத்தோடு இரண்டு நிமிடம் மொபைலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். குறட்டை, திடீர் மௌனம், பிறகு ஒரு திணறல் என்ற வரிசை அதில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. கழுத்துச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள், 40 செ.மீ. தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இந்த வாரமே நுரையீரல் அல்லது காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் போய், ஒரு இரவு ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் சோதனை) கேளுங்கள். கூடவே ரத்த அழுத்தம், தைராய்டு, பி12, சர்க்கரை. மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி எழுதிக் கொடுத்தால் முதல் வாரத்தில் மாஸ்க் கசியும், வாய் உலரும்; பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். மாஸ்க் அளவை மாற்றி, ஈரப்பதம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரவு முழுக்க மாட்டுவதுதான் நல்லது. நான்கு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.

அலுவலகத்தில் இரண்டே மாற்றங்கள். காலை 6.30-க்கு எழுபவர் இரவு 11.30 கிளையன்ட் அழைப்பில் பேசும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் வேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமமாக இறங்குவதாக 1997-இல் அளந்திருக்கிறார்கள்; நம் சாலைச் சட்டம் அனுமதிப்பது 0.03. அந்த நேரத்தில் அப்ரைசல் ரேட்டிங் போடாதீர்கள், கண்டிப்பு மெயில் அனுப்பாதீர்கள். டிராஃப்டில் வைத்துக் காலை 10 மணிக்குப் படித்துவிட்டு அனுப்புங்கள். இரவு அழைப்புகளை டீமில் மூன்று பேர் முறை வைத்து எடுக்கட்டும். எடுத்தவர் மறுநாள் 11 மணிக்கு வரட்டும். காபி பிற்பகல் 2 மணியோடு சரி.

ரிசல்ட் வந்து சிகிச்சை பிடிக்கும்வரை கார் சாவி மனைவியிடம் இருக்கட்டும். ஆபீஸுக்கு கேப்பில் போங்கள்.